இருபத்திரண்டாம் சேனலில் ஏழு மணிக் கச்சேரி

மார்லா கோவாச்சின் அறையில் தொலைபேசி மணி அடித்தால் அது புகாராகத்தான் இருக்கும். "நாளைக்கு மதியம் பீட்சான்னு டி.வி.ல போட்டீங்க. என் பையனுக்கு சிக்கன் துண்டு குடுத்திருக்காங்க" என்பார் ஒருவர். "என் மகன் பந்தைப் பிடிச்ச நேரம் பாத்து உங்க கேமரா வானத்தைப் பாத்துட்டு இருந்துது. வேணும்னேதானே?" என்பார் இன்னொருவர். அந்தப் பந்தாட்டத்தின்போது கூரை மேல் நின்று, கையுறைக்குள் விரல் மரத்து, மூக்கு ஒழுக ஒழுகக் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் திட்டத்தான் செய்வார்.

ஹார்லன் க்ரீக் பள்ளிகளுக்கென்று இருக்கும் இருபத்திரண்டாம் சேனல், ஒஹாயோவின் அந்த மூலைக்குக் கேபிள் வந்த காலத்தில், தெருவைத் தோண்ட விட்டதற்கு ஈடாகக் கேபிள்காரர்கள் ஊருக்கு விட்டுக்கொடுத்தது. மார்லா அதற்குமுன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் வேலை என்றதும், இனிமேல் குடித்துவிட்டு ஆடும் மாப்பிள்ளைத் தோழர்களைப் படம்பிடிக்க வேண்டாம் என்று சந்தோஷமாகச் சேர்ந்தாள். அப்போது சேனலில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவரை எடுத்துவிட்டார்கள், ஒருவர் கொலம்பஸுக்குப் போய்விட்டார். போனவர்களின் வேலை மட்டும் போகாமல் மார்லாவின் தலையில் வந்து உட்கார்ந்தது. மதிய உணவுப் பட்டியல் போடுவது, பனி விடுமுறை அறிவிப்பது, பேண்ட் கச்சேரி, பட்டமளிப்பு, கால்பந்து எல்லாம் அவள்தான். முழங்கால் இரண்டும் கெட்டுப்போன பிறகும் மைதானத்துக் கூரை ஏணியில் ஏறுவதும் அவள்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வாள். பள்ளி போர்டுக் கூட்டத்தை மட்டும் நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஊர் தேர்ந்தெடுத்த ஏழு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். முன்பொரு தரம் கூட்டம் நீண்டுகொண்டே போக, மார்லா பாதியில் வெட்டிவிட்டுப் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் போட்டாள். ஊரே ஆட்டத்தைப் பார்த்தது. ஆனால் போர்டு உறுப்பினர் ஒருவர் தன் பேச்சை வேண்டுமென்றே மறைத்துவிட்டதாக ஒற்றைக்காலில் நின்றார். அன்றிலிருந்து ஒரு தீர்மானம்: தலைவர் முதல் சுத்தியல் தட்டியதிலிருந்து கடைசிச் சுத்தியல் தட்டும்வரை நேரடி ஒளிபரப்பு, ஒரு நொடி வெட்டக்கூடாது. கூடவே இன்னொன்று: பொதுமக்கள் பேசும்போது கேமரா தூரத்திலிருந்துதான் காட்ட வேண்டும், யார் முகத்துக்கும் கிட்டே போகக்கூடாது.

அந்தக் குளிர்காலக் கச்சேரியை அவள் ஒரு வியாழக்கிழமை பதிவு செய்தாள். முடிந்து கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கிளாரினெட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு, டெலேனி ஸ்டாம்ப்பர். நடுவில் தனியாக எழுந்து நின்று வாசித்தவள்.

"மிஸ் கோவாச், இது எப்ப டி.வி.ல வரும்?"

"செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு. இணையத்துலயும் போடுவேன், நீ எப்ப வேணா பாத்துக்கலாம்."

"இணையம் வேணாம். சாதாரண கேபிள்ல வருமா? செட்-டாப் பெட்டி எதுவும் இல்லாம?"

"வரும். ஏன்?"

டெலேனி தரையைப் பார்த்தாள். "அப்பா இருக்கற இடத்துல அது மட்டுந்தான் இருக்கு."

மார்லாவுக்கு அப்போதுதான் பெயர் உறைத்தது. ராய்ஸ் ஸ்டாம்ப்பர். வலி மாத்திரையைப் போதைக்கு விற்ற வழக்கு. ஊர்ப் பத்திரிகையில் படம் வந்திருந்தது. கவுண்டி ஜெயிலில், அதாவது மாவட்டச் சிறையில், இருந்தான். தண்டனை சொல்லியாயிற்று.

"புதன்கிழமைதான் மாநிலச் சிறைக்கு வண்டி போகும். இந்தப் புதன் அப்பாவும் போறாராம்" என்றாள் டெலேனி. "அங்க நம்ம சேனல் வராது. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுவாரு. செவ்வாய் ஏழு மணின்னு சொல்லிடட்டுமா? மாறாதே?"

"மாறாது. தைரியமா சொல்லு" என்றாள் மார்லா.

ஞாயிறு இரவு பனி கொட்டியது. திங்கள் காலை பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவித்தவள் மார்லாதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த வரியைத் தட்டும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஹார்லன் க்ரீக்கில் பள்ளி மூடினால் அன்றைய போர்டுக் கூட்டமும் தானாக மறுநாளுக்குத் தள்ளிப்போகும், மறுநாள் அந்த நேரத்தில் வேறு எது இருந்தாலும் அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் அந்த வேலையில் இருந்தும் மதியம்வரை அவளுக்கு அது உறைக்கவில்லை. உறைத்தபோது அடுப்பில் வைத்த சூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைக்கக்கூடப் போகவில்லை.

செவ்வாய் காலை மக்கள் தொடர்பு இயக்குநர் ட்ரென்ட் ஆக்லியின் அறைக்குப் போனாள். மார்லா இந்த வேலைக்கு வந்த வருஷம் அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். இப்போது அவளுக்கு அதிகாரி.

"ட்ரென்ட், இன்னிக்கு போர்டை எட்டரை மணிக்குப் பதிவாப் போடறேன். ஏழு மணிக்குக் கச்சேரி போகட்டும். ஒரே ஒரு நாள்."

"தீர்மானம் இருக்கே மார்லா."

"தெரியும். அதான் கேக்கறேன்."

"கச்சேரி லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிடுங்களேன். இந்தக் காலத்துல யாரு கேபிள் பாக்கறாங்க? சொல்லப்போனா அந்தச் சேனலையே யாரும் பாக்கறதில்ல."

"யாருமே பாக்கலைன்னா, போர்டை ஒண்ணரை மணி நேரம் தள்ளிப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

"அது வேற விஷயம்" என்றான் ட்ரென்ட்.

டெலேனியின் அப்பாவைப் பற்றிச் சொல்லலாம் என்று மார்லாவுக்கு வாய்வரை வந்தது. ஒரு பெண்ணின் குடும்பக் கதையை அவளைக் கேட்காமல் இவனிடம் எடுத்து வைப்பதா என்று விழுங்கிக்கொண்டாள். யாரும் பார்க்காத சேனல், ஆனால் தொடவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறவர்களோடு அவள் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறாள்.

அறைக்குத் திரும்பி ஜெயிலைக் கூப்பிட்டாள். எடுத்தவர் அவள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"கைதிங்களுக்குத் தகவல் சொல்றதில்ல மேடம்."

"தகவல்னா என்னங்க, கச்சேரி நேரம் மாறிப்போச்சு, அவ்வளவுதான்."

"அதுவும் தகவல்தான் மேடம்."

"டி.வி. எத்தனை மணி வரைக்கும் ஓடும்? அதையாவது சொல்லலாமா?"

"ஒம்போதுக்கு அணைச்சிடுவோம். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சொல்லலாம்."

மார்லா கணக்குப் போட்டாள். கூட்டம் எட்டு மணிக்கு முடிந்தால் உடனே கச்சேரியைத் தட்டிவிடலாம். ஆனால் அந்த ஏழு பேர் சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் அவள் கண் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கூட்ட விதிகளில் நின்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் அதைப் படிக்க, இவள் கட்டுப்பாட்டு அறையில் கூடவே முணுமுணுப்பாள். ஊரில் குடியிருப்பவர் யாரும் கூட்டம் தொடங்குமுன் பெயர் கொடுத்தால், பள்ளி சம்பந்தமாக மூன்று நிமிஷம் பேசலாம். இடையில் யாரும் குறுக்கிடக்கூடாது.

பள்ளி விடும் நேரத்தில் டெலேனியைப் பேருந்து வரிசையில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னதும் பெண்ணின் முகம் வெளுத்தது.

"ஆனா ஏழு மணின்னு சொல்லிட்டேனே. அவரு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருப்பாரு."

"தப்பு என்னோடது. மாறாதுன்னு நான்தான் சொன்னேன். இன்னிக்குச் சாயங்காலம் கிளாரினெட்டைத் தூக்கிட்டு வா. வாசல்ல பேரு குடு. கூட்டம் சீக்கிரம் முடிஞ்சா கச்சேரியே போட்டுடறேன். முடியலைன்னா உன்னைக் கூப்பிடுவாங்க, நீ வாசி."

"போர்டு முன்னாடியா? வாசிக்கறது பேச்சாகுமா?"

"ஆகாதுன்னு எங்கயும் போடல."

"அதுவரைக்கும் அப்பா பாத்துட்டு இருப்பாரா? அங்க மத்தவங்க கூடைப்பந்து கேப்பாங்க. சேனலை மாத்திட மாட்டாங்களா?"

போர்டுக் கூட்டத்தை விருப்பப்பட்டுப் பார்க்கிற ஒரு மனிதரை மார்லா இதுவரை சந்தித்ததில்லை. "நீ வா" என்று மட்டும் சொன்னாள்.

ஏழு மணிக்குத் தலைவர் வெண்டல் ப்ரூஸ்டர் சுத்தியலைத் தட்டினார். கூட்ட அறைக்குப் பின்னால், துடைப்பம் வைக்கக் கட்டி இப்போது கட்டுப்பாட்டு அறையாகிவிட்ட இடத்தில் மூன்று திரைகளுக்கு முன் மார்லா உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் டெலேனி, மடியில் பெட்டி. முதல் அரை மணியில் விஷயங்கள் மளமளவென்று நகர்ந்தன. மார்லா கச்சேரியைத் தயாராக வைத்து, பொத்தான் மேல் விரலையும் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் வாத்து வந்தது.

கனடா வாத்துகள் பயிற்சி மைதானத்தை நாசம் செய்துகொண்டிருந்தன. பிள்ளைகள் எச்சத்தில் வழுக்கி விழுகிறார்கள். வாத்து விரட்டப் பழக்கிய நாயை வாடகைக்கு எடுக்கலாமா என்பது கேள்வி. ஒருவர் நாய் வேண்டும் என்றார். ஒருவர் பிளாஸ்டிக் ஓநாய் பொம்மை போதும் என்றார். போன வருஷம் வைத்த பொம்மையின் தலை மேல் வாத்து உட்கார்ந்திருந்ததை இன்னொருவர் நினைவூட்டினார். வாத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று வக்கீல் சொன்னார். நாய் விரட்டினால் அது துன்புறுத்தலா, இல்லை வெறும் தொந்தரவா என்று அதன்மேல் ஒரு விவாதம் கிளம்பியது. மார்லா தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்துக்கு இவர்கள் பத்து நிமிஷம்கூடச் செலவழித்ததில்லை. எட்டு மணி போயிற்று, எட்டரை போயிற்று. கச்சேரி இனி வராது. ஜெயில் கூடத்தில் இந்நேரம் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கையிலிருந்த பேனாவைச் சுவரில் எறிந்தாள்.

"வாக்கெடுப்புக்கு முன்னாடி பொதுமக்கள் பேசலாம்" என்றார் வெண்டல். விதிகளைப் படித்தார். ஒருவர் தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுத் தரலாம் என்ற கடைசி வரிவரை விடாமல் படித்தார். பிறகு சமையலறையிலிருந்து கொண்டுவந்த தக்காளி வடிவக் கடிகாரத்தை மூன்று நிமிஷத்துக்குத் திருகி முன்னால் வைத்தார். "டெலேனி ஸ்டாம்ப்பர்."

டெலேனி மைக் முன்னால் வந்து நின்றாள். பெட்டியைத் திறந்து, குழலைப் பொருத்தி, வாயில் வைத்து ஈரப்படுத்தினாள். தக்காளி ஓடிக்கொண்டிருந்தது.

"பேரும் தெருவும் சொல்லும்மா" என்றார் வெண்டல்.

"டெலேனி ஸ்டாம்ப்பர். மேப்பிள் தெரு. எனக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. கச்சேரில வாசிச்சதை வாசிக்கறேன்."

வெண்டல் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தோளைக் குலுக்கினார். "இது பள்ளி சம்பந்தப்பட்டதுதானா?"

"பேண்ட் வகுப்பு சார். மார்க் உண்டு."

"சரி, வாசி."

அவள் வாசித்தாள். மெதுவான பாட்டு. முதல் சுரமே பயத்தில் கீச்சிட்டது. அடுத்தது நேரானது. மார்லா அந்த நேரத்தில் விதியை நினைக்கவில்லை. விசையைத் தள்ளிக் கேமராவைக் கிட்டே கொண்டுபோனாள். மேசை போயிற்று, கொடி போயிற்று, திரை முழுக்க அந்தப் பெண்ணின் முகமும் விரல்களும் மட்டும் நின்றன.

கதவைத் திறந்துகொண்டு ட்ரென்ட் வந்தான். "மார்லா, என்ன பண்றீங்க? தூரத்துக்குப் போங்க."

"போறேன்."

"இப்பவே."

"காது நல்லாத்தான் கேக்குது ட்ரென்ட். போறேன்னு சொன்னேன்ல." அவள் கை கேமரா விசையை விட்டு நகரவில்லை.

பாட்டு உயரே ஏறுகிற இடத்தில் தக்காளி மணி அடித்தது. டெலேனி நிறுத்திவிட்டாள். விதிக்குக் கட்டுப்பட்டுப் பழகிய பிள்ளை. குழலை இறக்கிக்கொண்டு நின்றாள். கட்டுப்பாட்டு அறையில் மார்லா வாய்விட்டுத் திட்டினாள், ட்ரென்ட் பக்கத்தில் நிற்பதைக்கூடப் பார்க்காமல்.

"நன்றிம்மா. அடுத்து எல்வுட் க்ரெப்ஸ்" என்றார் வெண்டல்.

க்ரெப்ஸ் மைதானத்தை ஒட்டி வீடு கட்டியிருக்கும் கிழவர். வாத்துச் சத்தத்தில் தூங்கி வருஷமாகிறது என்று மாதாமாதம் வந்து கத்துவார். இன்றைக்கு அட்டையில் படமெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்றார். டெலேனியைப் பார்த்தார், தன் அட்டையைப் பார்த்தார்.

"என் மூணு நிமிஷத்தை அந்தப் பொண்ணுக்குக் குடுங்க" என்றார்.

"எல்வுட், வாத்து?"

"வாத்து எங்க போயிடப் போகுது? அடுத்த மாசமும் என் வாசல்லதான் நிக்கும். நீ மொதல்லேந்து வாசி கண்ணு, பெட்டி திறக்கறதுலயே பாதி நேரம் போயிடுச்சு."

அவள் முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை முழுவதும் வாசித்தாள்.

வாக்கெடுப்பு நடந்து கடைசிச் சுத்தியல் விழும்போது ஒன்பது தாண்டிவிட்டது.

புதன் காலை ட்ரென்ட் அவள் அறை வாசலில் நின்றான். கேமரா விதியை மீறியது பற்றி அவள் கோப்பில் ஒரு கண்டிப்பு ஏறும் என்றான். ஜூனோடு சேனலை நிறுத்தி எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றும் யோசனை மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்று நடந்தது அதற்கு உதவாது என்றும் சொன்னான். மார்லா சரி என்றாள். கோபப்படக்கூட ஆயாசமாக இருந்தது. அந்தப் பெண் ஊர் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றதற்கு என்ன பலன் என்று அவளுக்கே தெரியவில்லை. ராய்ஸ் ஸ்டாம்ப்பரை ஏற்றிய வண்டி விடியுமுன்னே போயிருக்கும். அவன் பார்த்தானா இல்லையா என்று யாரிடம் கேட்பது?

தொலைபேசி அடித்தது.

"பள்ளிக்கூட சேனலா? கவுண்டி ஜெயில்லேந்து சார்ஜென்ட் பேக்ஸ்டர் பேசறேன். ஒரு புகார்."

"சொல்லுங்க" என்றாள் மார்லா. வேறென்ன வரும்.

"அந்த வாத்து விவகாரம் என்னதான் ஆச்சு மேடம்? ஓட்டுப் போடறதுக்குள்ள ஒம்போது அடிச்சிடுச்சு, டி.வி.யை அணைச்சிட்டோம். ராத்திரி பூரா என் உயிரை வாங்கிட்டாங்க. நாய் வருதா, வரலியா?"

மார்லா நாற்காலியில் நிமிர்ந்தாள். "அங்க அதையா பாத்துட்டு இருந்தாங்க?"

"எல்லாம் ஸ்டாம்ப்பர் பண்ண வேலை. ஏழு மணிக்கு எம் பொண்ணு வருவா, எம் பொண்ணு வருவான்னு ஒரு வாரமா... இல்ல, ஞாயித்துக்கிழமைலேந்து ஒரே பாட்டு. பாத்தா மீட்டிங் ஓடுது. மத்தவங்க சேனலை மாத்துன்னாங்க. இவன் விடல. கான்டீன்ல வாங்கி வெச்சிருந்த நூடுல்ஸ் பாக்கெட் பூராத்தையும் ஆளுக்கு ஒண்ணா குடுத்து, இதோ வரும், இதோ வரும்னு உக்கார வெச்சான். அப்புறம் வாத்து வந்துது. அப்புறம் மாத்தச் சொல்ல ஆளே இல்ல. பாதிப் பேரு நாய் கட்சி, பாதிப் பேரு பொம்மை கட்சி. அடிதடி ஆகாத குறை."

"பொண்ணு வந்தப்ப?"

"கிட்டக் காட்டினீங்களே, நல்லதாப் போச்சு. எங்க டி.வி. சின்னது, உசரத்துல இருக்கும். தூரத்துலேந்து காட்டிருந்தா அவனுக்கு முகம் தெரிஞ்சிருக்காது. நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு நேர் கீழ போய் அண்ணாந்து நின்னான். உக்காருன்னு சொல்லணும், அதான் விதி. நான் சொல்லல."

மார்லாவுக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தோரு கருவிகளோடு கூடிய முழுக் கச்சேரி, ஒரு கீச்சு இல்லாமல் அவள் பிடித்து வைத்திருந்தது, அவன் பார்க்க வேண்டியது, இங்கே பெட்டிக்குள் கிடந்தது.

"காலைல வண்டில ஏறறப்பவும் கேட்டான் மேடம். வாத்து என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லுங்கன்னான். அதான் கூப்பிட்டேன்."

"நாய் ஜெயிச்சுது. நாலுக்கு மூணு" என்றாள் மார்லா.

"பொம்மை கட்சிக்காரங்க தாங்க மாட்டாங்க" என்றார் சார்ஜென்ட்.

அன்று மாலை ஏழு மணிக்குக் கச்சேரி ஓடியது. குறுக்கே எதுவும் வரவில்லை. படம் தெளிவு, ஒலி சுத்தம். ஒரே ஒரு நாள் முன்னால் இதை நடக்கவிடாத பனியையும் தீர்மானத்தையும் ட்ரென்ட்டையும் நினைத்து மார்லாவுக்கு வயிறு எரிந்தது. பள்ளி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்த டெலேனி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜென்ட் சொன்னதையெல்லாம் மார்லா சொல்ல, வாத்துக் கட்சிகள் வரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். தன் தனி வாசிப்பு வந்தபோது திரையைப் பார்க்கவில்லை.

"அங்க ஃபோன் பண்ண விடறதுக்குக் கொஞ்ச நாளாகுமாம். கடுதாசிதான் போடணும்" என்றாள். "மொதக் கடுதாசில என்ன எழுதறதுன்னே தெரியாம இருந்தேன், மிஸ் கோவாச். இப்பத் தெரியும். நாய்க்கு யாரெல்லாம் கை தூக்கினாங்க?"

மார்லா ஏழு பேரின் பெயரையும், யார் எந்தப் பக்கம் என்பதையும், பொம்மை வேண்டும் என்றவர் கடைசி நேரத்தில் மாறியதையும் வரிசையாகச் சொன்னாள். அந்த வாரத்தில் அவள் எரிச்சல் இல்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.